சிங்கத்துக்கு நேரம் குறித்த மருமவனுக்கு

வா மருமவனே, உக்காரு. அந்தத் தாளை இங்கன குடு. கண்ணாடியை எங்க வச்சேன்... ஆங், நெத்தியிலதான் இருக்கு. பலே! கட்டம் கட்டமா, கலர் கலரா, எக்ஸெல்லுல போட்டுப் பிரிண்டு எடுத்துல்லா வந்திருக்க. எங்க காலத்துக் கமிஷன் மண்டிக் கணக்குப்பிள்ளைகூட இம்புட்டுச் சுத்தமாப் பேரேடு எழுதுனதில்ல. "காலை 6.45 கிளம்புதல். 7.10 சிங்கம். 8.00 டிபன். 9.30 சிறுத்தை. 11.00 காண்டாமிருகம்." ஒரு எழுத்துக் குத்தம் சொல்ல முடியாது. ஒரே ஒரு சந்தேகந்தான். 7.10-க்கு வந்து நிக்கணும்னு சிங்கத்துக்குத் தாக்கல் சொல்லி விட்டாச்சா? ஏன் கேக்கேன்னா, அதுக்கு அந்த நேரத்துல வேற சோலி இருக்கும். தூங்குத சோலி.

நாளைக்கு 20 மணி நேரம் வரைக்கும் படுத்துக் கெடக்குத சீவன்டே அது. உத்தியோகத்துக்குப் போகாண்டாம், இ.எம்.ஐ. கட்டாண்டாம், எந்திரிச்சு என்ன செய்யப் போவுது? நீ மூணு பிளேன் மாறி, முதுகெலும்பு கழண்டு, தலைக்கு மேல காசைக் கொட்டிப் போயி நிப்ப. புல்லுக்குள்ள ரெண்டு காது தெரியும். கொஞ்சம் தள்ளி ஒரு வால் நுனி தெரியும். அந்த ரெண்டும் ஒரே சிங்கத்துதானா, வேற வேறயான்னு பத்து நிமிசம் பட்டிமன்றம் நடக்கும். அப்பம் உம் பொண்டாட்டி வாயைத் தொறப்பா பாரு: "இதுக்கு வண்டலூருக்கே போயிருக்கலாமேங்க, பஸ்ஸுல போயிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்திருக்கலாமே?" நியாயமான கேள்விதான். அதுக்குப் பதிலை இப்பவே யோசிச்சு வச்சுக்க. உன் தாள்ல அதுக்கு ஒரு கட்டத்தைக் காணும்.

சரி, ஊருகளைப் பாப்போம். எட்டு நாளு. மசாய் மாரா, செரெங்கெட்டி, இங்கோரோங்கோரோ, அங்கேருந்து பிளேன் ஏறித் தென்னாப்பிரிக்காவுல குரூகர், கடைசியா விக்டோரியா அருவி. அடேயப்பா! எந்தச் சிங்கமும் தன் ஆயுசுல இத்தனை ஊரு பாத்திருக்காது. எட்டு நாள்ல பாதி, ஏர்போட்டுல பெல்ட்டை அவுத்து மாட்டுததுலயே கழிஞ்சிரும். மிச்சம் பாதி சாமான் கட்டுததுல. அப்புறமும் நேரம் இருந்தா சிங்கம். ரொம்ப நல்ல திட்டம். ஊரு திரும்பி வந்து, எத்தனை ஏர்போட்டு காப்பி எத்தனை டாலருன்னு விவரமாச் சொல்லலாம்.

நீ சிரிக்கது தெரியுது. கோவில்பட்டியில திண்ணையில கெடக்குத கெழவன் ஆப்பிரிக்காவுக்கு வழி சொல்லுதான்னுதான? உங்க மாமன் தூத்துக்குடி முந்திரி ஏவாரிக்கு ஆளாப் போயி, தான்சானியா தெக்குக் கடைசியில ம்ட்வாராவுலேருந்து கொட்டை எடுத்துக் கப்பல்ல ஏத்தி விட்டவன். அறுவடைச் சீசனுக்குச் சீசன் அங்கதான் கெடந்தேன். லீவு கெடைச்சா லாரிக்காரன் கூட ஒட்டிக்கிட்டு வடக்க அரூஷா வரைக்கும் போயிருவேன். முந்திரிக்கொட்டைன்னா கையில எடுத்தாலே தரம் சொல்லுவேன். நீ வாசல்ல வரும்போதே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

இந்த ரெண்டாவது நாளைப் பாரு. "மாராவிலிருந்து செரெங்கெட்டி, 1 மணி நேரம்." மேப்புல ஒரு விரக்கடைதான் இருக்குன்னு போட்டிருக்க. வாஸ்தவம். ரெண்டும் ஒரே புல்லுக்காடுதான். நடுவுல கென்யா, தான்சானியான்னு மனுசன் கோடு போட்டுட்டான். வில்டபீஸ்ட்டுன்னு தாடி வச்ச மாடு ஒண்ணு, பத்து லட்சத்துக்கும் மேல இருக்கும், அந்தக் கோட்டை வருசா வருசம் பாஸ்போட்டு இல்லாமத் தாண்டுது. நீ தாண்ட முடியாது. பார்க்குக்குள்ள டூரிஸ்டு வண்டி தாண்டுததுக்குக் கேட்டு கெடையாது. மேக்க சுத்தி இசெபானியா எல்லைக்குப் போயி, இந்தப் பக்கம் ஒரு முத்திரை, அந்தப் பக்கம் ஒரு முத்திரை, மறுபடி சுத்திக் கெழக்க வரணும். ஒரு பகல் அம்போ. ரோடும் நம்ம நாலுவழிச் சாலை இல்ல. குலுக்குத குலுக்கலுக்கு "ஆப்பிரிக்க மசாஜு, காசு வேண்டாம்"னு டிரைவருங்க சிரிப்பாங்க. எங்க அக்காவுக்கு முட்டுவலின்னு போன மாசந்தான ஊசி போட்ட? கூட்டிட்டுப் போ. ஒண்ணு வலி ஓடிரும், இல்லாட்டி அக்கா ஓடிருவா.

நாஞ் சொல்லுததைக் கேட்டா ஒரு எடத்தை எடு. ஆசை அடங்கலைன்னா ரெண்டு, அதுவும் ஒரே நாட்டுக்குள்ள. செரெங்கெட்டின்னா செரெங்கெட்டி. 14,763 சதுர கிலோமீட்டரு. சிங்கம் மட்டும் 3,000 பக்கத்துல இருக்கும்னு கணக்கு. நட்ட நடுவுல செரோனேரான்னு ஒரு ஏரியா. புல்லுக்கு நடுவுல அங்கங்க கரடு துருத்திக்கிட்டு நிக்கும். காலையில குளுருக்குச் சிங்கம் அந்தப் பாறை மேல ஏறி வெயில் காயும். குட்டியைப் பாறை இடுக்குல ஒளிச்சு வைக்கும். அங்க நாலு ராத்திரி தங்குனா, ரெண்டாம் நாளே அந்தக் கூட்டம் எந்த மரத்தடியில படுத்திருக்கும்னு உன் டிரைவருக்குத் தெரிஞ்சிரும். மூணாம் நாள் உனக்கே தெரியும், எது காது கிழிஞ்சது, எது நொண்டுதுன்னு. அதுக்கப்புறந்தான் பாக்கதுல ருசி.

கூட்டம் பிடிக்காதுன்னா மாராவைச் சுத்தி நபோயிஷோ, ஓலாரே மோட்டொரோகின்னு தனிக்காடுக இருக்கு. நிலம் மசாய் குடும்பங்களோடது. கேம்ப்காரன் அவங்களுக்கு மாசா மாசம் குத்தகை குடுக்கான். அங்க பாதையை விட்டு எறங்கி வண்டி ஓட்டலாம், ராத்திரியிலயும் போலாம், ஒரு சிங்கத்துக்கு இத்தனை வண்டிதான்னு கட்டுப்பாடு உண்டு. ரேட்டு கொஞ்சம் கடிக்கும். செரெங்கெட்டி நடுவுல பாதையை விட்டு எறங்குனா டிரைவருக்கு அபராதம். அவனை நச்சரிக்காத. "இன்னும் பத்தடி உள்ள போப்பா"ம்ப. நீ போட்டோவோட ஊருக்கு வந்திருவ, அவன் சீட்டுக் கிழியும்.

நீயே கார் ஓட்டணும்னு ஆசையிருந்தா குரூகர்தான். வாடகைக் காரை எடுத்துக்கிட்டு நீயே தேடலாம். தார் ரோட்டுல 50-க்கு மேல போகக் கூடாது, மண் ரோட்டுல 40. கேட்டு அடைக்குத நேரத்துக்குள்ள முகாமுக்கு வந்திரணும். ஈ.சி.ஆர். ரோட்டுல நீ ஓட்டுத லட்சணம் எனக்குத் தெரியும், அதனால அந்தப் பேச்சை அதோட விட்டிருவோம்.

சிங்கந்தான் முக்கியம், செலவு முக்கியமில்லன்னு சொன்ன. அப்பம் ஒண்ணு கேக்கட்டுமா? குஜராத்துல கிர் காட்டுலயும் அதைச் சுத்தியும் 2025-ல எண்ணுனப்ப 891 சிங்கம். ரயில்ல போயிட்டு வந்திரலாம், பாஸ்போட்டுக்கூட வேண்டாம். அடிவயித்துல தோல் மடிஞ்சு தொங்கும், பிடரி கொஞ்சம் கொறைவு, மத்தபடி சிங்கஞ் சிங்கந்தான். என்ன, மூஞ்சி சுருங்குது? ஆபீஸுல கிர்ருன்னு சொன்னா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்னுதான? சரி சரி, ஆப்பிரிக்காவே போ.

மாசம் என்ன போட்டிருக்க? ஏப்ரல் கடைசி. ரேட்டு கொறைவுன்னா? ஏன் கொறைவுன்னு கேட்டியா? அதுதான் அங்க பெருமழை. களிமண்ணுல வண்டி எறங்குச்சுன்னா நீயும் எறங்கித் தள்ளணும். புல்லு நெஞ்சு உசரம் நிக்கும். அதுக்குள்ள படுத்திருக்க சிங்கத்தைச் சிங்கமே தேடணும். ஜூன்லேருந்து அக்டோபர் வரைக்கும் காஞ்ச காலம். தண்ணி சுருங்கும், இருக்குத தண்ணிக்கு எல்லா மிருகமும் வரும், அதுக்குப் பின்னாலயே சாப்பாட்டுக்குச் சிங்கமும் வரும். இல்லையா, பிப்ரவரியில போ. செரெங்கெட்டிக்குத் தெக்க அந்தத் தாடி மாடுக கன்னு போடுத நேரம். கன்னுக்குட்டி கொத்துக் கொத்தா விழும், எல்லாப் பல்லும் அங்கதான் காத்துக் கெடக்கும். ஜூலைக்கு மேல மாரா ஆத்தைத் தாண்டுததைப் பாக்கணும்னு உலகமே போவும். அதுக்கேத்தாப்புல, 2024-லேருந்து மாராவுல நுழைவுக் கட்டணம் சனவரியிலேருந்து ஜூன் வரைக்கும் ஆளுக்கு நாளைக்கு 100 டாலரு, ஜூலைக்கு மேல 200. அதுவும் பகல் பன்னெண்டு மணி நேரத்துக்குத்தான். நான் டாலருன்னுதான் சொன்னேன், ரூபான்னு சொல்லல. தண்ணி குடி.

நீ பாக்காத கணக்கு ஒண்ணு இருக்கு. நிலா. விமான டிக்கெட்டு வெலை பாக்கத் தெரியுது, பஞ்சாங்கம் பாக்கத் தெரியல. இருட்டுதான் சிங்கத்துக்கு ஆயுதம். நிலா வெளிச்சத்துல இரைக்கு அதைத் தெரிஞ்சிரும், வேட்டை தப்பும், வயித்தைக் காயப்போட்டுக்கிட்டுக் கெடக்கும். இதைக் கெழவன் சொல்லல, கிரெய்க் பேக்கர்னு ஒரு வெள்ளைக்காரர் சொன்னாரு. செரெங்கெட்டியில 1966-ல ஜார்ஜ் ஷாலர்னு ஒருத்தர் சிங்கத்தைப் படிக்க ஆரம்பிச்சாரு. 1978-லேருந்து அந்தச் சோலியை எடுத்துப் பல வருசம் நடத்துனவரு இந்த பேக்கர். பௌர்ணமி ஒட்டிப் போனா பசிச்ச சிங்கம் வெயில்லயும் ஏதாச்சும் முயற்சி பண்ணும்ங்குது என் சொந்தக் கணக்கு. அமாவாசை ஒட்டிப் போனா ராத்திரியே தின்னு முடிச்சிட்டு மல்லாந்து கெடக்கும். வயிறு அண்ணாந்த சிங்கம் போட்டோவுக்கு நல்லாத்தான் இருக்கும், வீரம்னு மட்டும் தலைப்புப் போட முடியாது.

வீரம்னதும் ஞாபகம் வந்துச்சு. உன் தாள்ல மேல என்ன எழுதியிருக்க? "காட்டு ராஜாவைத் தேடி." ராஜா பொழப்பைச் சொல்லட்டுமா? இங்கோரோங்கோரோன்னு போட்டிருக்கியே, பெரிய எரிமலை வாய் அது, 600 மீட்டர் ஆழம், அடியில சமவெளி. அங்க 1960-கள்ல ஹான்ஸ் க்ரூக்னு ஒரு ஆளு ராத்திரி ராத்திரியாக் கழுதைப்புலிக பின்னாடியே திரிஞ்சாரு. அதுவரைக்கும் சனங்க என்ன நெனைச்சிருந்தாங்க? சிங்கம் அடிக்கும், கழுதைப்புலி எச்சிலுக்கு நிக்கும்னு. காலையில போயிப் பாத்தா அப்படித்தான இருக்கும், சிங்கம் நடுவுல தின்னும், கழுதைப்புலி சுத்தி நிக்கும். ராத்திரி முழுக்க முழிச்சிருந்தவருக்குத்தான் சங்கதி தெரிஞ்சுச்சு. அடிச்சதே கழுதைப்புலி. ராஜா சத்தங் கேட்டு வந்து தட்டிப் பறிச்சிருக்காரு. பொழுது விடிஞ்சு வந்த டூரிஸ்டு, பறிச்சவனுக்கு மரியாதை வச்சிட்டு, ஒழைச்சவனைத் திருடன்னுட்டுப் போயிட்டான். நம்ம ஆபீஸ்ல இப்படி நடக்குமான்னு நீதான் சொல்லணும்.

அதுலயும் ஆம்பளைச் சிங்கம் இருக்கே. வேட்டைக்குப் போறது பெரும்பாலும் பொம்பளைக. அதுவும் நாலு தடவை பாஞ்சா ஒரு தடவை கெடைக்கும், சில நேரம் அதுவும் இல்ல. ஆம்பளை அப்புறமா வந்து முதப் பங்கு எடுத்துக்கும். கேட்டா எல்லை காக்கேன்னும். ராத்திரி 8 கிலோமீட்டர் வரைக்கும் கேக்குத மாதிரி கர்ஜிக்கும், "இது என் எடம்"னு. பிடரி எதுக்குன்னு பேக்கரும், பேட்டன் வெஸ்ட்டுன்னு அவருகிட்ட படிச்ச அம்மாவும் ஒரு சோதனை பண்ணாங்க. முழு உசரத்துக்குப் பொம்மைச் சிங்கம் செஞ்சு, ஒண்ணுக்குக் கருத்த பிடரி, ஒண்ணுக்கு வெளுத்த பிடரி மாட்டி, காட்டுல நிறுத்தி வச்சாங்க. பொம்பளைச் சிங்கங்க கருத்த பிடரிப் பொம்மை பக்கமாப் போச்சு. ஆம்பளைக கருத்ததைக் கண்டு ஒதுங்கி, வெளுத்தது பக்கம் போயி முறைச்சுது. 2002-ல எழுதி அச்சாயிருச்சு. நீ மாசத்துக்கு ஒருக்கா டை அடிக்கதைப் பத்தி இனிமே உங்க அத்தை ஏதாச்சும் சொன்னா, இதைச் சொல்லு. விஞ்ஞானம்னு சொல்லு.

சோடி சேருத நேரத்துல போயி மாட்டிக்கிட்டா ஒரு எச்சரிக்கை. இருவது நிமிசத்துக்கு ஒரு தடவை, அப்படியே மூணு நாலு நாளைக்கு நடக்கும். பேரன் சத்தமாக் கேப்பான், "என்னப்பா பண்ணுது?"ன்னு. அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு "முருகா, முருகா"ம்பா. டிரைவர் மட்டும் அலட்டிக்காம "ஹனிமூன்"னு சொல்லிட்டு இஞ்சினை அணைப்பான். அவனுக்குத் தெரியும், அடுத்த ஆட்டம் இருவது நிமிசத்துலன்னு. இன்னொண்ணு, புது ஆம்பளைக வந்து கூட்டத்தைப் பிடிச்சா, பழைய ஆம்பளையோட குட்டிகளைக் கொன்னுபோடும். அதைப் பேரனுக்கு இப்ப சொல்லாத. லயன் கிங் பாத்து வளந்த பய, ராத்திரி தூங்க மாட்டான்.

ஆனா ராஜாவை ஒரேயடியா எளக்காரமாப் பேசக் கூடாதுல்லா. அதோட பாடும் பெரும்பாடுதான். அதே இங்கோரோங்கோரோவுல 1962-ல தொழுவத்து ஈ பெருகி, கடிச்சுக் கடிச்சே புண்ணாக்கி, விரல் விட்டு எண்ணுத அளவுக்குச் சிங்கம் கொறைஞ்சு போச்சு. 1994-ல செரெங்கெட்டியில மூணுல ஒரு பங்கு சிங்கம் செத்துச்சு. எதனால? சுத்துப்பட்டு ஊரு நாய்களுக்கு வார டிஸ்டெம்பர் காய்ச்சலால. யானையையும் எருமையையும் மடக்குத சீவனை ஒரு ஈயும் ஒரு தெருநாயும் சாச்சுப் போட்டுருச்சு.

நீ அங்க போயி ஒரு காரியம் பண்ணணும். சும்மா இருக்கணும். ஒனக்கு அது வராது, தெரியும். இருந்தாலும் சொல்லுதேன். ஒரு சிங்கம் படுத்திருக்குன்னு ஒரு டிரைவர் வயர்லெஸ்ஸுல சொன்னான்னா, கல்யாண வீட்டுல இலை விரிச்ச சத்தம் கேட்ட பந்தி மாதிரி நாலு தெசையிலேருந்தும் வண்டி வரும். பத்து நிமிசம் படபடன்னு போட்டோ. "எந்திரிக்க மாட்டேங்குது, வா போவோம், சிறுத்தை இருக்காம்." எல்லாரும் போயிருவான். நீ போவாத. டிரைவர்கிட்ட சொல்லு, "அண்ணே, நாம இருப்போம்." அவன் ஒன்னை முதத் தடவையா மரியாதையாப் பாப்பான். வெயில் சாயும். காத்துத் திரும்பும். ஒரு பெட்டைச் சிங்கம் தலையைத் தூக்கும். கொட்டாவி விடும். பக்கத்துல இருக்கது விடும். எந்திரிச்சு சோம்பல் முறிச்சு, ஒண்ணுக்கொண்ணு தலையை உரசிக்கும். அப்புறம் ஒண்ணு மட்டும் தூரத்துல எதையோ பாத்துக்கிட்டு அசையாம நிக்கும். அதுலேருந்துதான் படம் ஆரம்பம். டிக்கெட்டு வாங்குன கூட்டம் இண்டர்வெல்லுக்கு முன்னயே எந்திரிச்சுப் போயி, அங்க கேம்புல பஃபேயில நிக்கும்.

டிரைவர்னு சொன்னேனே, அவன்தான் எல்லாம். நீ கேமராவுக்குப் போட்ட காசுல பாதியை நல்ல டிரைவர்-கைடுக்குப் போடு. பிணந்தின்னிக் கழுகு எறங்குத எடம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் ஒரே தெசையை வெறிச்சுக்கிட்டு நிக்குத விதம், குரங்கு போடுத அதட்டு, இதெல்லாம் வச்சு அவன் சிங்கத்தைக் கண்டுபிடிப்பான். நீ கூகுள்ல தேடிக்கிட்டு இருப்ப. டிப்ஸு குடுக்கையில கத்திரிக்காக் கடையில நிக்குத நெனைப்பு வேண்டாம். வண்டிக்குள்ள எந்திரிச்சு நிக்காத, கையை வெளியே நீட்டாத. வண்டியையும் ஆளுகளையும் சேத்து ஒரே உருப்படியாத்தான் சிங்கம் பாக்கும். நீ தனியாத் துருத்திக்கிட்டுத் தெரிஞ்சா, அது ஒன்னைத் தனியாக் கணக்குல எடுக்கும். அவசரமா ஒதுங்கணும்னா "டயரைப் பாக்கணும்"னு டிரைவர் காதுல சொல்லு, அவனுக்குப் புரியும். பாத்து நிறுத்துவான்.

தென்னாப்பிரிக்காப் பக்கம் ஒண்ணு போட்டிருக்கியே, "சிங்கக்குட்டியுடன் கொஞ்சல், 2 மணி நேரம்." அதை மட்டும் அடிச்சிரு. இதுல நையாண்டி இல்ல மருமவனே. பொறந்த கொஞ்ச நாள்ல குட்டியைத் தாய்கிட்டேருந்து பிரிச்சு, ஒன்னை மாதிரி ஆளுக மடியில போட்டுப் பால்புட்டி குடுக்கச் சொல்லிக் காசு வாங்குவான். வளந்ததும் கூட நடக்கவிட்டுக் காசு. இன்னும் வளந்ததும் வேலிக்குள்ள விட்டு, எவனோ ஒரு பணக்காரன் சுட்டுத் தலையை மாட்டிக்கக் காசு. எலும்புக்குத் தனிக் காசு. அங்க ஆயிரக்கணக்குல இப்படிப் பண்ணையில வளக்காங்க. 2015-ல 'பிளட் லயன்ஸ்'னு ஒரு படமே எடுத்துச் சந்திக்கு இழுத்தாங்க. இதை நிறுத்தணும்னு 2021-ல அந்த அரசாங்கம் போட்ட நிபுணர் குழுவே சொல்லியாச்சு. மடியில வச்சுக் கொஞ்ச ஆசையா? நம்ம கோயில் வாசல்ல பூனைக்குட்டி கெடக்கு, எடுத்துக்கிட்டுப் போ.

அங்கத்து சனங்களைப் பத்தி உன் தாள்ல ஒரு வரி இல்ல. "மசாய் நடனம், 30 நிமிடம்"ங்கது கணக்குல வராது. ம்ட்வாராவுல சாயந்தரம் ஆனா எங்க குடோன் காவக்காரன் வாசலைத் தாண்ட விட மாட்டான். நான் மொதல்ல அவனைப் பயந்தாங்கொள்ளின்னு கேலி பண்ணிக்கிட்டிருந்தேன். அவன் கோவப்படல. அவன் ஊரு கதையைச் சொன்னான். வெளைஞ்ச வெள்ளாமையைக் காட்டுப்பன்னி அழிக்கும். பன்னி வெரட்ட சம்சாரி ராத்திரி தோட்டத்துலயே குடிசை போட்டுப் படுப்பான். நம்ம ஊருலயும் கடலைக் காட்டுக்கு அப்படித்தான படுக்கோம்? நமக்கு விடிஞ்சா கொசுக்கடியோட போயிரும். அங்க பன்னியைத் தேடிச் சிங்கம் வரும். பன்னி ஓடிரும், சம்சாரி இருப்பான். தான்சானியாவுல 1990-லேருந்து பதினஞ்சு வருசத்துக்குள்ள சிங்கம் அடிச்சுச் செத்தவங்க 563 பேருக்கு மேல, காயம்பட்டவங்க 308 பேருக்கு மேல. அந்த பேக்கர்தான் கூட்டாளிகளோட 2005-ல எழுதுனாரு. பெரும்பாலும் தெக்குப் பக்கம், நான் கொட்டை எடுத்த சீமைதான். பௌர்ணமி கழிஞ்ச அடுத்தடுத்த ராத்திரிதான் மோசம்னும் அவரே கண்டுபிடிச்சாரு. பொழுது அடைஞ்சு நிலா எழும்புததுக்கு முந்தி இருக்குத அந்த இருட்டு. ரெண்டு மூணு நாளா அரைவயித்துல கெடந்த சிங்கம் அப்பம்தான் கெளம்பும்.

மாட்டையும் சேத்துப் பாரு. மசாய்க்காரன் முள்ளை வெட்டிச் சுத்தி வளச்சு அதுக்குள்ள மாட்டை அடைப்பான். போமாம்பாங்க. கிடை போட்ட ஊருல பொறந்தவனுக்கு அதைப் பாத்ததும் கை வேலியைத் தடவிப் பாக்கும், நானும் தடவிப் பாத்தேன். மாடு போனா மருந்து வச்சோ ஈட்டியெறிஞ்சோ சிங்கத்தைக் கொன்னுருவாங்க. நைரோபி பக்கத்துல ரிச்சர்டு துரேரேன்னு ஒரு பய, அப்பம் அவனுக்கு 11 வயசு, மாட்டைக் காக்குத முறை அவனுக்கு. வெளக்கைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா சிங்கம் கிட்ட வரல, ஒரே எடத்துல வச்சா வருதுன்னு கவனிச்சிருக்கான். பழைய கார் பேட்டரி, சோலார் தட்டு, மோட்டார் சைக்கிள் இண்டிகேட்டரு பெட்டி இதை வச்சு, ஆளு நடமாடுத மாதிரி மாறி மாறி மின்னுத வெளக்கு கட்டிட்டான். சிங்கம் வரல. 2013-ல உலகமேடையில ஏறிப் பேசுனான். நம்ம பேரனுக்கும் அதே வயசுதான? ரிமோட்டுல பேட்டரி மாத்தத் தெரியுமா அவனுக்கு? சும்மா கேட்டேன். அம்போசெலி பக்கம் 2007-லேருந்து இன்னொண்ணு நடக்கு. முன்ன சிங்கத்தைக் கொன்னு வீரம் காட்டுன மசாய் எளவட்டங்களையே சம்பளத்துக்கு வச்சு, சிங்கத்துக்குக் காவல் போட்டிருக்காங்க. சிங்கத்துக்குப் பேரு வச்சிருக்காங்க, அது எங்க இருக்குன்னு மாடு மேய்க்கவனுக்குச் சொல்லி விடுதாங்க. அதனால நுழைவுக் கட்டணத்தைப் பாத்து "கொள்ளை"ன்னு முனங்காத. அந்தக் காட்டோரத்துல ராத்திரி படுக்கவன் ஒன்கிட்ட காசு கேக்கல, அவன் குடுக்கதோட இது ஒண்ணுமே இல்ல.

சாமான் லிஸ்டை ஓட்டமாப் பாத்திருவோம். கறுப்பு, நீலம் சட்டை வேண்டாம், செட்சி ஈக்கு அது ரெண்டும் ரொம்பப் பிடிக்கும், கடிச்சா ஊசி குத்துன வலி. ராணுவக்காரன் சட்டை மாதிரிப் பச்சைப் புள்ளி போட்டது வச்சிருக்கியே, அதுக்கு அங்க சில நாடுகள்ல தடை. ஆப்பிரிக்கான்னா வெயில்னு நெனைச்சு ஸ்வெட்டரை விட்டுட்டுப் போனா, இங்கோரோங்கோரோ மேட்டுல ராத்திரி பல்லு தாளம் போடும். சின்ன பிளேன்ல ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மெத்துன்னு மடங்குத பை. உன் சக்கரம் வச்ச பெட்டியை ஏத்த மாட்டான். அக்கா சுட்டுத் தார முறுக்கை பாலிதீன் கவர்ல கட்டாத. கென்யாவுல 2017-லேருந்து அந்தப் பைக்கே தடை, தான்சானியாவுல 2019-லேருந்து. சிங்கத்தைப் பாக்கப் போயி முறுக்குக்காக அபராதம் கட்டுனேன்னு ஊருக்குள்ள சொல்லிக்க முடியாது. தூக்குவாளியில கொண்டு போ. மலேரியா மாத்திரைக்கு டாக்டரைப் பாரு. ராத்திரி கேம்புல கூடாரத்து ஜிப்பை முழுசா மூடு, வெளியே போணும்னா காவக்காரனைக் கூப்பிடு, வீரம் வேண்டாம்.

முக்கியமானதை விட்டுட்டியே. மஞ்சக் காய்ச்சல் ஊசி. கென்யா போயிட்டுத் திரும்புதவன் கையில அந்த மஞ்சப் புத்தகம் இல்லன்னா, நம்ம ஏர்போட்டுலயே பிடிச்சு ஆறு நாளைக்குத் தனியா அடைச்சு வச்சிருவான். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுதாங்க. பயணத்துக்குப் பத்து நாளைக்கு முந்தியே போட்டிருக்கணும், அப்பந்தான் செல்லும். இந்த மஞ்சக் கடுதாசி வேற, டூரு முடிஞ்சு வந்து நீ குடுக்கப் போற மஞ்சக் கடுதாசி வேற, ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காத. அக்காவுக்குத்தான் எனக்கு யோசனையா இருக்கு. அறுவது தாண்டுனவங்களுக்கு முதத் தடவையா அந்த ஊசி போட டாக்டரே தயங்குவாரு. முட்டுவலி வேற. பாவம், அவளைப் போட்டு அலைக்கழிக்கணுமா?

அவ டிக்கெட்டையும் வீணாக்க வேண்டாம்லா. வண்டி வாடகை வண்டிக்குத்தான், தலைக்கு இல்ல. கூரையைத் தூக்குத லேண்ட் க்ரூசர்ல பின்னால ஆறு சீட்டாவது இருக்கும், எல்லாம் சன்னலோரம். எனக்கு ஊசிப் பிரச்சினை கெடையாது. அந்தக் காலத்துலயே போட்டாச்சு. முன்ன பத்து வருசத்துக்குத்தான் செல்லும்னாங்க, 2016-லேருந்து ஆயுசுக்கும் செல்லும்னு சொல்லிட்டாங்க. மஞ்சப் புத்தகம் பீரோவுல மேல் தட்டுல இருக்கு. பாஸ்போட்டு போன மாசந்தான் புதுசா வந்துச்சு, ஒங்க அத்தைகிட்ட இன்னும் சொல்லல.